எய்யும் தூரம்

வருகிற செப்டம்பரில் கொலராடோ மாநிலத்தின் வடமேற்கே, ஃப்ளாட் டாப்ஸ் மலைகளில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறேன். துப்பாக்கி கிடையாது, வில்லும் அம்பும்தான். முதல் வேட்டை என்பதால் தனியாகப் போகவில்லை. குதிரை, கூடாரம், சாப்பாடு, மலையைத் தெரிந்த வழிகாட்டி என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து தரும் அவுட்ஃபிட்டர் ஒருவரிடம் பணம் கட்டியிருக்கிறேன். டல்லாஸ் நகரத்துச் சமதரையில் குடியிருந்துகொண்டு, போன குளிர்காலம் தொட்டு அதற்காகத் தயாராகி வருகிறேன்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது, "எய்யா, அங்க கடையில கறி கிடைக்காதா?" என்று கேட்டாள். களக்காட்டு மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள். மிளா வயலில் இறங்கி மேய்ந்ததைப் பார்த்திருக்கிறாள். சிறுபிள்ளையாக இருந்தபோது வேட்டைக்கறி ஊருக்குள் வந்ததையும், 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அது நின்றுபோனதையும் பார்த்திருக்கிறாள். அவள் என்னைக் கண்டித்துக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அந்தக் கேள்வியை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

கைக்கெட்டும் பதில் ஒன்று இருக்கிறது. நான் கறி தின்கிறவன். தின்கிற உயிரை யாரோ ஒருவர் கண்காணாத இடத்தில் கொன்று தருவதைவிட, அந்தப் பாரத்தை நானே ஒருமுறையாவது சுமப்பது நியாயம் என்று சொல்லலாம். இதில் உண்மை உண்டு. ஆனால் இது போதாது. கறிதான் நோக்கம் என்றால் இவ்வளவு செலவு செய்து, வெறுங்கையோடு திரும்புவதற்கே வாய்ப்பு அதிகமுள்ள காரியத்தில் யாரும் இறங்க மாட்டார்கள். கொலராடோவில் வில்லெடுத்து எல்க் தேடிப் போகிறவர்களில் பத்துக்கு ஒருவர், நல்ல வருடத்தில் அதற்குக் கொஞ்சம் மேலே, மானோடு திரும்புகிறார்கள். என்னை இதற்குள் இழுத்தது வேறொன்று. திரும்ப எடுக்க முடியாத ஒரு செயலை, செய்வதற்கு முன்பே கடைசிவரை யோசித்து முடித்துவிட ஒரு மனிதனால் முடியுமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். என் வேலையில், வீட்டில், நட்பில் நான் செய்கிற பிழைகளில் பெரும்பாலானவற்றை மறுநாள் சரிசெய்துவிடலாம், மன்னிப்புக் கேட்கலாம். நாணை விட்டுப் போன அம்பிடம் எதையும் கேட்க முடியாது.

எல்க், நம் மிளாவுக்கு உறவு. அதைவிட உயரம், அதைவிடக் கனம். வளர்ந்த ஆண் 300 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். செப்டம்பர் அதன் இணைசேரும் காலம். தாழ்ந்த குரலில் தொடங்கி, சீழ்க்கையாக உச்சிக்கு ஏறி, உறுமலில் போய் முடிகிற அதன் கூவலைப் பதிவில் கேட்டதற்கே எனக்கு மயிர் சிலிர்த்தது. அந்தப் பருவத்தில் ஆண்மான் எதிராளியின் குரலுக்கும் பெண்மானின் குரலுக்கும் பதில் சொல்லும். சில நேரம் தேடிக்கொண்டு வரும். வில்வேட்டைப் பருவம் அந்த மாதத்தில் அமைந்திருப்பதால்தான் குறைந்த தூரத்தில் எய்கிற ஆயுதத்தோடு அதை நெருங்க முடிகிறது.

அந்த மலைகளின் பழைய கதை தெரியாமல் அங்கே வில்லோடு நடக்கக் கூடாது என்று நினைக்கிறேன். அது யூட் பழங்குடி மக்களின் வேட்டைநிலம். 1879இல் வெள்ளாற்றுக் கரை முகமையில், அதாவது ஒயிட் ரிவர் ஏஜென்சியில், மூண்ட மோதலுக்குப் பிறகு, 1881இல் அந்த யூட்டுகள் யூட்டா பகுதிக்கு விரட்டப்பட்டார்கள். அங்கே கொல்லப்பட்ட அரசு முகவர் மீக்கரின் பெயர்தான் இன்று மலையடிவாரத்து ஊருக்கு. அடுத்து வந்த சுரங்கக்காரர்களும் கறி விற்கிற வேட்டைக்காரர்களும் எல்க்கை வழித்துத் துடைத்தார்கள். 1910 வாக்கில் மாநிலம் முழுவதும் ஆயிரத்தைத் தாண்டாது என்கிற நிலை. பக்கத்து வயோமிங்கிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டு, பல வருடம் வேட்டையைத் தடுத்து, மெல்ல மீட்டார்கள். இன்று இரண்டரை லட்சத்துக்கு மேல். வேறெந்த அமெரிக்க மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. இந்த மீட்புக்கான பணத்தில் பெரும்பங்கு வேட்டை உரிமக் கட்டணத்திலிருந்தும், 1937ஆம் வருடத்து பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி ஆயுத விற்பனையில் பிடிக்கிற வரியிலிருந்தும் வருகிறது. 1970களில் வில்லும் அந்த வரிக்குள் வந்தது. என் வில்லைத் தயாரித்தவர் விற்ற விலையிலும் 11 விழுக்காடு அதற்குப் போயிருக்கிறது. இதைச் சொல்லிக் கொல்வதை நியாயப்படுத்த நான் வரவில்லை. நான் குறிவைக்கப் போகிற மான், மனிதர்கள் தங்களுக்கே ஒரு வரம்பு போட்டுக்கொண்டதால் உயிரோடு இருக்கிற மான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இனி வில். என்னுடையது காம்பவுண்ட் வில். மிசூரியைச் சேர்ந்த ஹோலஸ் அலன் 1960களில் கண்டுபிடித்து, 1969இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. இரு முனைகளிலும் உருளிகள் இருக்கும். நாணை இழுக்கத் தொடங்கும்போது முழுக் கனமும் கையில் ஏறும்; கடைசிவரை இழுத்துவிட்டால் உருளி சுழன்று பாரத்தில் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். 65 பவுண்டு வில், 80 விழுக்காடு விடுவிப்பு என்றால், முழுதாக இழுத்த பின் கையில் நிற்பது 13 பவுண்டுதான். இது சொகுசுக்காக வந்த வசதி இல்லை. மான் ஒரு மரத்துக்குப் பின்னால் தலையை மறைக்கிற கணத்தில்தான் இழுக்க முடியும். அது மறுபக்கம் வெளியே வரும்வரை இழுத்தபடியே காத்திருக்க வேண்டும். சில நேரம் ஒரு நிமிடம், சில நேரம் அதற்கும் மேலே. காத்திருந்தும் சரியான கோணம் கிடைக்காவிட்டால் நாணை மெல்ல இறக்கிவிட வேண்டும். கூடுதல் கனமுள்ள வில்தான் ஆண்மை என்று நினைத்து வாங்குகிறவர்கள் இங்கே தோற்கிறார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை வானத்துக்கு உயர்த்தாமல் நேராக இழுக்க முடிகிற கனம்தான் ஒருவருக்கு ஏற்ற கனம். கடையில் எனக்கு வில் பொருத்தியவர் செய்து காட்டிய சோதனை இது. வில்வேட்டை பற்றி நான் கேட்ட அறிவுரைகளில் இதைவிட உருப்படியானது குறைவு.

அம்பு சுமார் 29 கிராம். அதன் முனையில் வேட்டைக்கென்று மாட்டுவது பிராட்ஹெட் என்கிற அகன்ற அலகு. சவரக் கத்திக்குரிய கூர் அதற்கு வேண்டும். துப்பாக்கிக் குண்டைப் போல அம்பு அடித்து வீழ்த்துவதில்லை. அது அறுக்கிறது, ரத்தம் வடிந்துதான் விலங்கு சாகிறது. நுரையீரல் இரண்டும் அறுபட்டால் சில நொடிகளில், நூறு கஜத்துக்குள் விழுந்துவிடும். மழுங்கிய அலகு அறுக்காமல் தள்ளும், விலங்கைப் பலநாள் சித்திரவதையில் விடும். ஆகவே பயிற்சிக்குப் பயன்படுத்திய அலகை வேட்டைக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. தீட்ட வேண்டும், இல்லையென்றால் புதிதாக மாற்ற வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயிற்சிக்கான உருண்டை முனை மாட்டிய அம்பும், அலகு மாட்டிய அம்பும் ஒரே இடத்தில் போய்த் தைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அலகு காற்றைப் பிடிக்கும். வில்லின் சீரமைப்பில் உள்ள சின்னக் கோணலையும் பெரிதாக்கிக் காட்டும். கோடை முழுவதும் உருண்டை முனையில் எய்து மகிழ்ந்துவிட்டு, மலையில் முதன்முதலாக அலகை மாட்டுகிறவர் ஒரு உயிரை வைத்துச் சூதாடுகிறார்.

உடை, காலணி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பருத்தி வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டைக் குடித்துவிடும். கம்பளி அடுக்குகள் போதும். காலணியை ஊரிலேயே போட்டுப் பழக்கிவிட வேண்டும். இலை வண்ணச் சட்டைக்கு ஆகும் செலவைப் பார்த்தால், மாவு அடைத்த ஒரு சிறு பிளாஸ்டிக் குப்பி ஒன்றுமே இல்லை. ஆனால் அதை அமுக்கிக் காற்று எங்கே போகிறது என்று பார்க்கிறவருக்குத்தான் மான் கிடைக்கும். காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறினால் மேலே ஏறும். மாலையில் மறுபடி இறங்கும். கண்ணை ஏமாற்றலாம், காதையும் ஓரளவு ஏமாற்றலாம். எல்க்கின் மூக்கை ஏமாற்ற முடியாது.

பயிற்சிக்கு வருகிறேன். இங்கேதான் என் கோடைக்காலம் முழுவதும் போயிருக்கிறது. வேட்டைக்காரர்களிடம் பழைய முறை ஒன்று உண்டு. விருந்துகளில் சாப்பிட்டுத் தூக்கிப்போடுகிற காகிதத் தட்டு ஒன்றை இலக்கில் குத்தி வைப்பார்கள். எத்தனை கஜத்தில் நின்றால் எய்கிற அம்பு ஒவ்வொன்றும் தட்டுக்குள் தைக்கிறதோ, அதுதான் உங்கள் எல்லை. பத்தில் எட்டு என்று கணக்குச் சொல்லக் கூடாது. வெளியே போன இரண்டும் ஒரு மானின் வயிற்றிலோ தொடையிலோ தைத்த அம்புகள்.

தட்டில் எய்வதிலும் சுலபமாகத் தன்னை ஏமாற்றிக்கொள்ளலாம். தோள் சூடேறிய பின், சமதரையில், டீ-ஷர்ட்டோடு, ஒரே தூரத்தில் அம்புமேல் அம்பாக எய்தால் யாருக்கும் தட்டு நிறையும். மலையில் ஒரே ஒரு அம்புதான் கிடைக்கும். குளிரில் விறைத்த கையோடு, முழங்காலிட்டு, முதுகில் பையோடு, மூச்சு வாங்க எய்ய வேண்டிய அம்பு அது. அதனால் காலையில் எழுந்ததும், காப்பிக்கு முன்னால், கனத்த மேலுடையை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் ஒரு அம்பு மட்டும் எய்கிறேன். அன்றைய மதிப்பெண் அதற்குத்தான். பிறகு மாலையில் எய்வதெல்லாம் பாடம், கணக்கில் வராது. அந்தக் காலை அம்பு மாலை அம்புகளைவிட எப்போதும் மோசமாகத்தான் இருக்கிறது. என்னைப் பற்றி உண்மை சொல்கிற அம்பு அதுதான் என்று நம்புகிறேன்.

தூரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த நாளில்தான் எனக்கு முழுதாக உறைத்தது. என் அம்பு நொடிக்கு ஏறத்தாழ 280 அடி போகிறது. 60 கஜம் என்று நினைத்துக் குறிவைத்த மான் உண்மையில் 65இல் நின்றால், அம்பு ஏழெட்டு அங்குலம் கீழே போகும். 20 என்று நினைத்தது 25ஆக இருந்தால் மூன்று அங்குலத்தோடு தப்பிக்கலாம். லேசர் தூரமானி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 30 பாகைச் சரிவில் 40 கஜம் காட்டினால் கிடைமட்டத்தில் அதை 35 என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அதுவே கணக்கிட்டுச் சொல்லிவிடும். ஆனால் மான் அசைவதை அதனால் நிறுத்த முடியாது. 60 கஜத்தைக் கடக்க அம்புக்கு நொடியில் மூன்றில் இரண்டு பங்கு ஆகிறது. நாண் எழுப்பிய ஓசை அதற்கு வெகு முன்பே மானின் காதுக்குப் போய்விடும். அதற்குள் ஒரு எட்டு வைத்தால் போதும், நுரையீரலுக்குப் போக வேண்டிய அம்பு குடலில் இருக்கும். இது எவ்வளவு தேர்ந்த வில்லாளியானாலும் பயிற்சியால் சரிசெய்ய முடியாத பிழை.

இனி வழிகாட்டி. நவீன அமெரிக்க வில்வேட்டையே ஒரு வழிகாட்டியிடமிருந்து தொடங்கியதுதான். 1911இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்குள் பட்டினியோடு வந்து சேர்ந்தார் யாஹி இனத்தவர் ஒருவர். அவருடைய மக்கள் குடியேறிகளின் கொலைவெறியில் அழிந்துபோயிருந்தார்கள். இஷி என்ற பெயரில் சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்த அவரிடம் வில் செய்யவும் எய்யவும் ஒளிந்து நெருங்கவும் கற்றுக்கொண்டவர் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர். 1916இல் காசநோயில் இஷி இறந்தார். போப் 1923இல் எழுதி வெளியிட்ட வில்வேட்டை நூல் ஒரு தலைமுறையையே காட்டுக்கு அனுப்பியது. எல்லாம் பறிபோன ஒருவர், தன்னிடம் மிச்சமிருந்த வித்தையைக் காசு வாங்காமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். காசு கொடுத்து வழிகாட்டியை அமர்த்துகிற நான் இதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

வழிகாட்டி எனக்காகச் செய்யப்போவது நிறைய. எந்த மேட்டில் மான் படுக்கும், எந்த ஓடையில் நீர் குடிக்கும் என்று அவருக்குத் தெரியும். எனக்குப் பின்னால் முப்பது நாற்பது கஜம் தள்ளி நின்று, வாயில் அடக்கிய சிறு சவ்வினால் பெண்மான் போலக் குரல் கொடுப்பார். குரலைத் தேடி வரும் ஆண்மான் என்னைத் தாண்டிப் போகும், அதுதான் தந்திரம். காற்று பார்ப்பது, இடம் சொல்வது, விழுந்த மானை அறுத்துப் பிரிப்பது, குதிரையில் ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பில். அவர் செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. நாணை விடுவிக்க விரலில் இருக்கிற விசையை அழுத்துவதா வேண்டாமா என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு எனக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நொடி.

அந்த நொடிகளில் என்னோடு யாரெல்லாம் நிற்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். கட்டிய பணம் நிற்கும். அது பல ஆயிரம் டாலர். போய்விட்டு வெறுங்கையோடா வந்தாய் என்று கேட்கப்போகிற நண்பர்கள் நிற்பார்கள். என்னை ஏமாற்றமாகத் திருப்பி அனுப்பக் கூடாதே என்று கவலைப்படுகிற வழிகாட்டியும் நிற்பார். "எய்யலாம்" என்று அவர் கிசுகிசுத்தால் என்ன செய்வேன்? இவ்வளவு பேர் நடுவில் இதயம் அடித்துக்கொள்ளும்போது ஒருவன் புதிதாக நிதானத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அந்த முடிவை இங்கேயே, வியர்வையும் பரபரப்பும் இல்லாத தோட்டத்தில் எடுத்துவிட வேண்டும் என்ற தெளிவுக்கு வந்திருக்கிறேன். பக்கவாட்டாகவோ, சற்றே எனக்கு முதுகு காட்டிச் சாய்ந்தோ மான் நின்றால் எய்யலாம். நேருக்கு நேர் நின்றால், என் பக்கம் சாய்ந்து நின்றால், நடந்துகொண்டிருந்தால், இடையில் ஒரு கிளை குறுக்கிட்டால் எய்யக் கூடாது. என் எல்லைக்கு அப்பால் நின்றால், அது அந்த மலையிலேயே பெரிய கொம்பனாக இருந்தாலும் எய்யக் கூடாது.

அம்பு பட்டும் கிடைக்காமல் போகும் மான்கள் உண்டு. வில்வேட்டைக்காரர்கள் கூடிப் பேசுகிற இடங்களில் கொம்பின் அளவைப் பற்றி எழுகிற பேச்சு இதைப் பற்றி எழுவதில்லை. எழ வேண்டும். அம்பு பாய்ந்த பிறகு என்ன செய்வது என்பதும் பயிற்சியின் ஒரு பாதிதான். ரத்தம் வெளிர்ச் சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல். அரைமணி நேரமாவது அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டுத் தேடலாம். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். இன்னும் நீண்ட நேரம். அம்பில் பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல். ஆறு எட்டு மணி நேரம் அதன் பக்கமே போகக் கூடாது. அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்துச் சாக வேண்டிய மான் எழுந்து மைல்கணக்கில் ஓடிவிடும். பல அவுட்ஃபிட்டர்களிடம் ஒரு விதி இருக்கிறது: மானின் உடலில் ரத்தம் கண்டுவிட்டால், அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உங்கள் வேட்டை முடிந்தது. சிலர் இதைக் கொடுமை என்கிறார்கள். நான் பணம் கட்டும் முன் கேட்ட முதல் கேள்வி இந்த விதி இருக்கிறதா என்பதுதான். இருக்கிறது என்றார்; கையெழுத்துப் போட்டேன்.

மற்றவை உடம்பின் பாடு. முகாம் ஒன்பதாயிரம் அடிக்கு மேலே. காற்று மெலிந்த இடம். டல்லாஸில் மலை இல்லை, அதனால் முதுகில் மணல்மூட்டையோடு வாகன நிறுத்தக் கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்குகிறேன். இரண்டு நாள் முன்னதாகவே மலையடிவாரம் போய் உடம்பைப் பழக்கப்போகிறேன். எங்கள் பகுதி ஆட்டுக்கறிக் கடைக்காரரிடம் எலும்பிலிருந்து சதையைப் பிரிக்கக் கற்றேன்; பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பெரிய மானில் தொண்ணூறு கிலோவுக்கு மேல் வெறும் கறி தேறும். உண்ணத்தக்க கறியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது கொலராடோவில் குற்றம். செப்டம்பர் வெயிலில் அது சீக்கிரம் கெடும் என்பதால் தோலை உரித்து, துணிப்பையில் இட்டு, நிழலில் தொங்கவிட வேண்டும். வழிகாட்டி செய்வார் என்றாலும், கத்தி என் கையிலும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். முழுதாக ஏற்றுக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். கடைசியில், "சரி, அதுக்கு நோகாமப் பாத்துக்கோ" என்றாள். நான் படித்த எந்த வேட்டை நூலும் இதைவிடக் கடினமான ஒன்றை என்னிடம் கேட்கவில்லை. அதை முழுதாக நிறைவேற்ற எந்த வில்லாலும் முடியாது, நெருங்கிப் போகலாம். நெருங்குவதற்குரிய ஒரே வழி, சந்தேகம் இருக்கும் ஒவ்வொரு முறையும் நாணை இறக்கிவிடுவது.

என் வில் 80 கஜத்திலும் இலக்கைத் துளைக்கும். மாலைப் பயிற்சியில் என் அம்புகள் 50 கஜத்தில் தட்டை விட்டு வெளியே போவதில்லை. காலை அம்பு 40இல் நிற்கிறது. மலைக்கும் குளிருக்கும் பதற்றத்துக்கும் இன்னும் ஐந்து கழித்து, என் எல்லை 35 கஜம் என்று வழிகாட்டிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அதற்கு மேல் இருந்தால் எய்யச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறேன். சரி என்று பதில் வந்திருக்கிறது.